பிரசவத்தோடு போகிற சர்க்கரை இல்லை இது

கர்ப்பத்தில் சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு வீடு எப்படித் தலைகீழாகிறது என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மாமியார் சோற்றை அளந்து போடுகிறார். கணவர் குளுக்கோமீட்டர் வாங்கி வருகிறார். இன்சுலின் ஊசி ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கிறது. சாப்பிட்டதும் பத்து நிமிஷமாவது நட என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் இந்தக் கெடுபிடி ஓடுகிறது. பிரசவம் ஆகிறது. மறுநாளோ மூன்றாம் நாளோ விரல்நுனியில் குத்திப் பார்த்தால் எண் சாதாரணமாக இருக்கிறது. "அவ்வளவுதான், சுகர் போயிடுச்சு" என்கிறார் யாரோ ஒருவர். ஊசி நிற்கிறது, மீட்டர் அலமாரிக்குள் போகிறது, லேகியமும் நெய்யும் கருப்பட்டியும் வந்து சேர்கின்றன. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பற்றி யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை.

இந்தப் 'போயிடுச்சு'வை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். பாட்டிமார் மட்டும் சொல்கிற பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். படித்த மாப்பிள்ளை சொல்கிறார், குழந்தையின் எடை பார்க்க வரும் செவிலியர் சொல்கிறார், அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் "இனிமே பயமில்லைம்மா" என்று தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பெற்றுப் பிழைத்தவளுக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டுமே என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதல், அடுத்த பத்தாண்டுக்கு அவளைப் பரிசோதனைக் கூடத்தின் பக்கமே வரவிடாமல் செய்துவிடுகிறது. அவள் மறுபடி வரும்போது கால் எரிச்சலோடு வருகிறாள், அல்லது ஆறாத புண்ணோடு வருகிறாள்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் சர்க்கரை போய்ச் சேர இயற்கை செய்த ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிக்கும் இது நடக்கிறது. இதை ஈடுகட்ட, தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இன்சுலின் சுரந்தாக வேண்டும். கையிருப்பு உள்ள கணையம் சுரந்துவிடுகிறது. கையிருப்பு குறைந்த கணையம் திணறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சு வெளியே வந்ததும் சுமை இறங்கிவிடுகிறது, அதனால் எண்ணும் இறங்கிவிடுகிறது. இரண்டு வயலுக்குப் பாய்ச்சும்போது திணறிய மோட்டார், ஒரு வயலுக்கு மட்டும் என்றானதும் ஒழுங்காக ஓடும். அதைப் பார்த்து மோட்டார் குணமாகிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார்.

ஆக, மூன்றாம் நாள் பார்த்த அந்த எண் நமக்குச் சொல்வது ஒன்றைத்தான்: நஞ்சு வெளியே வந்துவிட்டது. அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தி. கணையத்தின் பலவீனம் கர்ப்பத்துக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. கர்ப்பம் அதை இருபத்தைந்து வயதிலேயே வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஆண்களுக்கு இப்படி ஒரு முன்னறிவிப்பு கிடைப்பதே இல்லை. கிடைத்த பெண்களையோ நாம் அதை மறந்துவிடச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறோம்.

எண்களைக் கேட்பவர்களுக்கு எண்களும் இருக்கின்றன. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 20 ஆய்வுகளை, 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றாக்கிப் பார்த்தது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. "பத்து மடங்கெல்லாம் பயமுறுத்தல், இளவயதுப் பெண்களுக்கு அடிப்படை ஆபத்தே குறைவு, குறைவானதைப் பத்தால் பெருக்கினாலும் குறைவுதான்" என்று ஒரு வாதம் உண்டு. கணக்குத் தெரிந்தவர்களின் வாதம் என்பதால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் நம் பக்கத்திலேயே கிடைக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் சேர்த்து 19 நகர்ப்புற மருத்துவமனைகளில் 'லிவிங்' என்ற ஆய்வு நடந்தது. முடிவுகள் 2022-இல் வெளியாயின. கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்த 1823 பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின், சராசரியாக ஆறேழு மாதத்தில், குளுக்கோஸ் கொடுத்துப் பரிசோதித்தார்கள். அவர்களில் 160 பேருக்கு அப்போதே சர்க்கரைநோய் இருந்தது. பதினொரு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் சராசரி வயது முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. குழந்தை இன்னும் தவழக்கூட ஆரம்பித்திருக்காது. அடிப்படை ஆபத்து குறைவு என்பது வேறெந்த நாட்டுக்கோ பொருந்தலாம். கொழும்புக்கும் சென்னைக்கும் டாக்காவுக்கும் பொருந்தாது.

இந்த 160 பேரில் ஒருத்தி பரிசோதனைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சர்க்கரை இருப்பது தெரியாமலே அடுத்த கர்ப்பம் தரித்திருப்பாள். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிற முதல் எட்டு வாரங்களில், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே தெரிந்திராத நாட்களில், கட்டுப்படாத சர்க்கரை பிறவிக் குறைபாட்டுக்கு வழிசெய்யும். மாத்திரையாலும் ஊசியாலும் தடுத்திருக்கக்கூடிய ஒன்று அது. 'போயிடுச்சு' என்ற ஆறுதலுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறவர்கள் உடனே மறுகரைக்குத் தாவிவிடுகிறார்கள். "அப்படின்னா எப்படியும் வரத்தானே போகுது? அம்மாவுக்கு இருக்கு, தாத்தாவுக்குக் காலே எடுத்தாங்க, பரம்பரை சுகர். எதுக்கு இருக்கிற நாள்ல வாயைக் கட்டிக்கிட்டு?" முதல் நம்பிக்கைக்கு இது எதிரி போலத் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன: எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற இடத்தில்.

பரம்பரை வாதத்துக்கு நேரடியான பதிலை அமெரிக்கச் செவிலியர்கள் தந்திருக்கிறார்கள். 1989-இல் தொடங்கிய 'நர்சஸ் ஹெல்த் ஸ்டடி'யின் இரண்டாம் கட்டத்தில் இருந்த செவிலியர்களில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த 4275 பேரை ஏறக்குறைய 28 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 924 பேருக்குச் சர்க்கரைநோய் வந்தது. ஐந்து விஷயங்களைக் கணக்கில் எடுத்தார்கள்: உடல் எடை, நல்ல உணவு, உடலுழைப்பு, புகைபிடிக்காமை, மதுவில் மிதம். ஐந்தில் ஒன்றுகூட இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இரண்டு இருந்தவர்களுக்கு ஆபத்து 39 சதவீதம் குறைவு. மூன்று இருந்தவர்களுக்கு 68, நான்குக்கு 85, ஐந்தும் இருந்தவர்களுக்கு 92 சதவீதம் குறைவு. முக்கியமான செய்தி இனிமேல்தான்: சர்க்கரைக்குரிய மரபணுக்கள் அதிகம் உள்ளவர்களிடமும் இந்தக் குறைவு தெரிந்தது, எடை கூடுதலாக இருந்தவர்களிடமும் தெரிந்தது. தாத்தாவின் காலை எடுத்த கதை பேத்திக்குத் தலையெழுத்து ஆகிவிடவில்லை.

ஒரு சின்ன இடைக்குறிப்பு. மதுவில் மிதம் என்று அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்துவிட்டு யாரும் ஒயின் பாட்டிலைத் தேட வேண்டாம். அவர்கள் ஊர்ப் பழக்கத்துக்கு அது ஒரு கணக்கு. குடிக்காதவர் குடிக்கத் தொடங்க அது காரணம் ஆகாது. புகைப்பழக்கமும் நம் பெண்களில் மிகச் சிலருக்கே உண்டு. ஆக நம் பெண்ணுக்கு மிஞ்சுவது மூன்று: எடை, தட்டில் இருப்பது, கால்கள் அசைவது. எடையிலும் நமக்கு அளவுகோல் வேறு. அந்த ஆய்வில் பி.எம்.ஐ. 25-க்குக் கீழ் என்றால் நல்ல எடை. தெற்காசிய உடம்பு அதற்கு முன்பே வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவிடும் என்பதால் நம் மருத்துவர்கள் 23-லேயே கோடு போடுகிறார்கள்.

சரி, "அதெல்லாம் வெள்ளைக்காரிகள் கதை, அதுவும் படித்த, சம்பளம் வாங்குகிற நர்சுகள். ஐந்தும் கூடிவந்தவளுக்கு நேரமும் காசும் இருந்திருக்கும், அதுதான் அவளைக் காத்திருக்கும்" என்றால்? நியாயமான கேள்வி. பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு, எது எதற்குக் காரணம் என்பதை முற்றாக நிறுவிவிடாது. அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளிடம் போக வேண்டியிருக்கிறது. 2002-இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், சர்க்கரையின் வாசலில் நின்றவர்களைப் பிரித்து ஒரு குழுவுக்கு உணவு, நடைப் பயிற்சியும், ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். அதில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்திருந்த பெண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, வாழ்க்கைமுறை மாற்றம் ஆபத்தை 53 சதவீதம் குறைத்திருந்தது, மெட்ஃபார்மின் 50 சதவீதம். கர்ப்பத்தில் சர்க்கரை வராத தாய்மார்களிடம் அதே மெட்ஃபார்மின் 14 சதவீதம்தான் குறைத்தது. அதாவது, யாருக்குப் போய்விட்டது என்று சொல்லி அனுப்புகிறோமோ அவர்களுக்குத்தான் தடுப்பு மருத்துவம் அதிகம் வேலை செய்கிறது.

இந்திய உடம்புக்கு இது பலிக்குமா என்ற சந்தேகத்தைச் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் நடத்திய ஆய்வு 2006-லேயே தீர்த்துவைத்தது. 531 பேர், பெரும்பாலும் ஆண்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் சர்க்கரைநோயாளிகள் ஆனார்கள். நடையும் உணவு மாற்றமும் அந்த ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன. அமெரிக்க எண்ணைவிடச் சிறியது என்றாலும், இவ்வளவு வேகமாகச் சரிகிற கூட்டத்தில் இது சிறிய எண்ணில்லை.

இதற்கு மேல் ஒரு கடினமான எதிர்வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கட்டுரையை முடித்தால் நானும் ஆறுதல் சொல்கிறவர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவேன். மேலே சொன்ன லிவிங் ஆய்வின் அடுத்த பகுதி அது. சர்க்கரைநோய் இல்லாத சுமார் 1600 தாய்மார்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓராண்டு வாழ்க்கைமுறை வகுப்புகளும் தொடர்ந்த அறிவுரையும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. பதினான்கு மாதம் கழித்துப் பார்த்தால், வகுப்புக்குப் போனவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நிலை ஒரு படி மோசமாகியிருந்தது. போகாதவர்களில் 27.1 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

"பார்த்தீங்களா, நம்ம பொண்ணுங்களுக்கு எதுவும் வேலை செய்யாது" என்று இதைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த முடிவு வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்க ஆய்வில் இருந்த பெண்கள், கர்ப்பத்தில் சர்க்கரை வந்து சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு கடந்தவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பயிற்றுநர், பதினாறு பாடங்கள், உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற இலக்கு, வாரம் 150 நிமிடம் நடை. நம் ஆய்வில் இருந்தவள் கைக்குழந்தைக்காரி. இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுத்துவிட்டு, காலையில் சமைத்துவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தவள். அவளுக்கு நாம் கொடுத்தது பேச்சு. நேரத்தைக் கொடுக்கவில்லை, குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு கையைக் கொடுக்கவில்லை, சமையலறையில் எதையும் மாற்றவில்லை. தோற்றது உணவும் நடையும் என்று நான் நினைக்கவில்லை. அறிவுரை தோற்றது. அறிவுரை தனியாகப் போய் ஜெயித்த இடம் எது என்று சொல்லுங்கள்?

அந்த ஆய்வின் இன்னொரு எண்ணையும் விட்டுவிடக்கூடாது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெறும் பதினான்கு மாதத்தில் ஒரு படி சரிந்திருக்கிறார்கள். சரிவு இந்த வேகத்தில் இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருக்கவும் முடியாது.

எனவே பேச்சைப் பெண்ணிடமிருந்து வீட்டுக்குத் திருப்புகிறேன். "அவ வாயைக் கட்டல, அதான் வந்துச்சு" என்று பிற்பாடு தீர்ப்புச் சொல்லப்போகிறவர்கள் இருக்கிற வீட்டுக்கு.

அந்த வாய்க்குள் என்ன போகிறது என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, பச்சை உடம்பு என்று தாய் வீட்டில் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். பத்தியச் சாப்பாட்டை முழுதாகப் பழிக்க நான் வரவில்லை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல சாப்பாடு, அதில் சர்க்கரைக்கு எதிரான எதுவும் இல்லை. சிக்கல் லேகியத்தில் கரைந்திருக்கும் கருப்பட்டியிலும், "பால் ஊறணும்" என்று வேளைக்கு ஒரு டம்ளர் இனிப்பாகக் கொடுப்பதிலும் இருக்கிறது. கருப்பட்டி நாட்டுச் சர்க்கரை, அது ஒன்றும் செய்யாது என்பார்கள். கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கணையம் சர்க்கரையின் சாதி பார்ப்பதில்லை.

ஆனாலும் பத்தியம் இருக்கிற நாற்பது நாளில் எதுவும் மூழ்கிவிடாது. அதற்குப் பிறகு வரும் ஆண்டுகள்தான் அவளைக் கெடுக்கின்றன. புகுந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய குழம்பில் நிறையச் சோறு. காய் தீர்ந்திருக்கும், மீன் துண்டு தீர்ந்திருக்கும், முட்டை பிள்ளைக்குப் போயிருக்கும். குழந்தை பாதி தின்று விட்ட இட்லியும் பிஸ்கட்டும் வீணாகக்கூடாது என்று அவள் வாய்க்குப் போகும். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்து என்கிறது ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வு. கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். அவளுக்கு வேண்டியது தனி டயட் சார்ட் இல்லை. சுண்டலும் பயறும் முட்டையும் மீனும் அவள் தட்டுக்கும் வர வேண்டும், சோறு அந்த அளவுக்குக் குறைய வேண்டும். வீட்டில் எல்லாரும் அப்படிச் சாப்பிட்டால் ஒழிய அது நடக்காது. (சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம் என்று கேழ்வரகுக் கூழைச் சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களையும் பார்க்கிறேன். கூழாக்கினால் கேழ்வரகும் வேகமாகவே சர்க்கரையாகும்.)

அடுத்தது நடை. "வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே" என்று சொல்லாத ஆண் உண்டா? வயலில் நாற்று நடுகிறவளுக்கு அது உண்மை, அவளிடம் போய் நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அடுக்குமாடியில் மிக்ஸிக்கும் வாஷிங்மெஷினுக்கும் நடுவே பகல் முழுக்க நிற்கிறவளுக்கு அது உண்மையில்லை. நிற்பதில் கால் வலிக்கும், இதயத் துடிப்பு ஏறாது. அவளுக்கு நாளுக்கு அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரம் குழந்தையை யார் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைப் பற்றிய அறிவெல்லாம் அதற்குப் பிறகு. வாக்கிங் போகிற கணவர்களில் எத்தனை பேர் மனைவி போவதற்காக ஒரு நாள் வீட்டில் இருக்கிறார்கள்?

தாய்ப்பாலும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அதைக் குழந்தைக்கான தியாகமாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். கலிஃபோர்னியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த சுமார் ஆயிரம் தாய்மாரைப் பார்த்த 'ஸ்விஃப்ட்' ஆய்வு 2015-இல் வெளியானது. பத்து மாதத்துக்கு மேல் பால் கொடுத்தவர்களுக்கு, இரண்டே மாதத்துக்குள் நிறுத்தியவர்களைவிட, இரண்டாண்டில் சர்க்கரைநோய் வந்த வாய்ப்பு பாதிக்கும் குறைவு. இதைக் கேட்டதும் "அப்போ பால் கொடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு கொடுக்கிறது. மத்தியச் சட்டம் 2017-இல் 26 வாரம் ஆக்கியது, அதுவும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. துணிக்கடையில் நிற்கிறவளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் செங்கல் சூளைக்காரிக்கும் எத்தனை மாதம்? அவர்கள் பால் கொடுப்பதை நிறுத்துவது அறியாமையால் என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்தச் சூளைக்குப் போனதில்லை என்று பொருள்.

அரசுக்கு வருகிறேன். இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது, அதனால்தான் கோபமும் வருகிறது. கர்ப்பத்தில் சர்க்கரையை எல்லாப் பெண்களிடமும் தேட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10, 2019-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. தமிழகத்தில் அவர் நடத்திய ஆய்வில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறுநகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி 2007-இல் தமிழக அரசு ஆணை போட்டது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, வந்த நேரத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும் என்ற எளிமையும் அவர் தந்ததுதான். ஏழைப் பெண்ணின் பஸ் நேரத்தை மதித்த பரிசோதனை அது.

அந்த அக்கறை பிரசவ அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடி குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டியிலேயே இருக்கிறது. யார் வருகிறார்கள்? அந்த ஆறாவது வாரத்தில் அவள் தாய் வீட்டில் இருப்பாள். கர்ப்பத்தில் பார்த்த ஆஸ்பத்திரி புகுந்த வீட்டு ஊரில் இருக்கும். இம்முறை வெறும் வயிற்றோடு வர வேண்டும், பால் குடிக்கிற பிள்ளையோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும், கூட வருகிற ஆளுக்கு ஒருநாள் கூலி போகும். இவ்வளவும் எதற்கு, போய்விட்ட நோய்க்காக! வராதவளை அக்கறையில்லாதவள் என்று எழுதிவைப்பது நம் சோம்பேறித்தனம்.

அதே ஆறாவது வாரத்தில் அவள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரத்தான் செய்கிறாள். குழந்தைக்குப் பென்டாவேலன்ட் ஊசி போட. பத்தாவது வாரம் வருகிறாள், பதினான்காவது வாரம் வருகிறாள், ஒன்பதாம் மாதம் எம்.ஆர். ஊசிக்கு வருகிறாள், ஒன்றரை வயதில் மறுபடி வருகிறாள். அடைமழையிலும் வருகிறாள். குழந்தையின் தொடையில் ஊசி போடுகிற செவிலியருக்கு, அந்தக் குழந்தையைப் பிடித்திருக்கும் கையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அவள் கர்ப்பத்தில் அளந்த ஒவ்வொரு எண்ணும் கர்ப்பிணிகளுக்கான அரசின் 'பிக்மி' பதிவில் இருக்கிறது. எந்தத் தாய்க்குச் சர்க்கரை இருந்தது என்று தெரியாது என்று அரசு சொல்லவே முடியாது. தேசியத் தொற்றாநோய்த் திட்டமோ முப்பது வயதிலிருந்துதான் ஆட்களைத் தேடுகிறது. இருபத்து நான்கில் பிள்ளை பெற்றவள் ஆறு வருஷம் எங்கே நிற்க வேண்டும்?

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்புவரை போனவர்களின் கதையும் இதே கதை என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். அவர்களுக்கும் பின்னாளில் சர்க்கரையும் இதயநோயும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்களிடமும் "பிரஷர் இறங்கிடுச்சு" என்றுதான் சொல்லி அனுப்புகிறோம்.

"கடைசியில் தள்ளித்தானே போடுகிறீர்கள், ஒழிக்கவில்லையே" என்பது கடைசியாக வரும் முனகல். ஆமாம், பலருக்குத் தள்ளிப்போடுவதுதான். சீனாவில் டாச்சிங் நகரத்தில் 1986-இல் தொடங்கிய தடுப்பு ஆய்வை முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உணவையும் உழைப்பையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரைநோய் சராசரியாக நான்கு ஆண்டு தாமதமாகியிருந்தது. அவர்களிடையே இதயநோயும் குறைவு, கண் கெட்டவர்களும் குறைவு, சாவும் குறைவு. முப்பத்திரண்டில் வர வேண்டியது முப்பத்தாறில் வந்தால் அந்த நான்கு ஆண்டில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இன்சுலின் இல்லாமல் வளர்த்துவிடுவாள். நாளைக்குச் சாகப்போகிறவர்கள்தானே எல்லாரும் என்று யாரும் இன்றைய சாப்பாட்டை நிறுத்துவதில்லை.

ஆகவே சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பென்டாவேலன்ட் ஊசி போடும் நாளையே தாயின் சர்க்கரைப் பரிசோதனை நாளாகவும் ஆக்குங்கள். அன்று விட்டுப்போனால் அடுத்த ஊசி நாள் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தவணைகளைக் குழந்தையின் தடுப்பூசியோடு முடிச்சுப்போடத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வித்தை இல்லை. பரிசோதனைக்கு வராதவளின் பணத்தை நிறுத்த வேண்டாம், வருகிறவளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு: உங்களுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு மாதமோ பதினாறு வயதோ, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், நம்மில் பலருக்கு இரண்டாவது எண்தான் முதலில் ஏறுகிறது. அது 140-க்குக் கீழே என்றால் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி பாருங்கள். 140-க்கும் 199-க்கும் இடையில் என்றால் மருத்துவரிடம் போங்கள், மாத்திரை தேவையா என்று அவர் சொல்லட்டும். 200-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம். அடுத்த குழந்தைக்கு முன்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போகிற நாளில் பிள்ளையை வீட்டில் அவன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போங்கள்.